துணி குவிந்த நாற்காலி: அழித்து அழித்து வரைகிறேன், எங்கே நிறுத்துவது?

கரித்தூள் (இழையைத் தொடங்கியவர்)

எட்டு மாதமாக இங்கே எதுவும் எழுதவில்லை. வரையாமல் இல்லை, பேசினால் கலைந்துவிடுமோ என்று ஒரு பயம். இப்போது ஏழு தாள்கள் முடிந்து, எட்டாவது பலகையில் ஒட்டியிருக்கிறது. கொஞ்சம் பேசலாம் என்று தோன்றுகிறது.

இங்கே பலருக்கு என்னை நீர்வண்ணக்காரியாகத்தான் தெரியும். நீர்வண்ணம் ஒரு ஒழுக்கத்தைக் கற்றுக்கொடுத்துவிடும். முதலில் யோசி, பிறகு தொடு, தொட்டதும் கையை எடு. வெள்ளை வேண்டுமென்றால் தாளின் வெள்ளையை முன்கூட்டியே ஒதுக்கி வைக்க வேண்டும். தாலோ நீலம் மாதிரி கறை பிடிக்கும் நிறமியை ஒருமுறை வைத்துவிட்டால் முழுசாக எடுக்க முடியாது. பத்து வருடம் இப்படிப் போனதில் கை மிகவும் சுத்தமாகிவிட்டது. அதுதான் பிரச்சினை. பழைய படங்களை ஒருநாள் தரையில் பரப்பிப் பார்த்தேன். எல்லாமே நல்ல பிள்ளைகளாகக் கைகட்டி உட்கார்ந்திருந்தன. ஒன்றுகூட என்னை எதிர்த்துப் பேசவில்லை.

புதிய தொடர் திட்டம் போட்டு வந்ததல்ல. என் அறையில் ஒரு நாற்காலி இருக்கிறது. அதில் யாரும் உட்காருவதில்லை, துணிதான் உட்கார்ந்திருக்கும். துவைத்தது, ஒருமுறை உடுத்தியது, மடிக்க நேரமில்லாதது எல்லாம் அதன்மேல் ஏறும். ஒருநாள் ராத்திரி வேறு வேலை ஓடாமல் அந்தக் குவியலை வில்லோ மரக்குச்சிக் கரியால் வரைய ஆரம்பித்தேன். மறுநாள் பார்த்தால் மேலே தொங்கிய துண்டைக் காணோம். வீட்டில் யாரோ குளிக்க எடுத்துப் போய்விட்டார்கள். அடியில் கிடந்த சட்டை வெளியே வந்துவிட்டது.

புதுத் தாள் எடுத்திருக்கலாம். சோம்பலில் எடுக்கவில்லை. துண்டு இருந்த இடத்தை ஷாமி தோலால் (துடைப்பதற்கான மெத்தென்ற தோல்) துடைத்துவிட்டு அங்கேயே சட்டையை வரைந்தேன். துடைத்தும் துண்டு முழுசாகப் போகவில்லை. சுவரில் மாட்டியிருந்த காலண்டரை எடுத்தபின் தெரியும் தடம்போல, சட்டைக்குப் பின்னால் சாம்பலாக நின்றது. அன்றைக்குத் தூக்கம் போயிற்று.

அதிலிருந்து இதே முறைதான். ஒரு நாற்காலி, ஒரு தாள், குவியல் மாறமாற அதே தாளில் அழித்து வரைவது. ஒரு தாளுக்குப் பத்து நாளும் ஆகியிருக்கிறது, ஐந்து வாரமும் ஆகியிருக்கிறது.

மூன்றாவது தாளில் ஒரு தவறு செய்தேன். குவியல் அன்றைக்குச் சப்பென்று கிடந்தது. நானே இரண்டு துணியை இழுத்துத் தொங்கவிட்டு, ஒரு சட்டைக்கையை அழகாக வெளியே எடுத்துவிட்டு வரைந்தேன். நன்றாகத்தான் வந்தது. ஆனால் துணிக்கடை பொம்மைக்கு உடுத்திவிட்ட மாதிரி. மறுநாள் முழுத் தாளையும் துடைத்துவிட்டேன்.

இன்னொன்று, புகைப்படம். முதல் நான்கு தாள்களுக்குத் தினமும் போனில் படம் எடுத்து வைத்தேன். பிறகுதான் கவனித்தேன், படம் எடுத்ததும் கை தளர்ந்துவிடுகிறது. பத்திரமாக இருக்கிறது என்ற நினைப்பில் அழிப்பது சுலபமாகிறது. சுலபமாக அழித்த இடத்தில் சுலபமான கோடுதான் வருகிறது. ஐந்தாவது தாளிலிருந்து படம் எடுப்பதில்லை. போனால் போனதுதான் என்று தெரிந்து துடைக்கும்போது கை வேறு மாதிரி போகிறது.

சரி, கேள்விக்கு வருகிறேன். நாற்காலி நிற்கப்போவதில்லை. நாளைக்கும் யாராவது துணி போடுவார்கள், எடுப்பார்கள். அப்படியிருக்க, ஒரு தாள் முடிந்துவிட்டது என்று எதை வைத்துச் சொல்வீர்கள்?

---

பழைய தூரிகை

வாழ்த்துகள். கூடவே ஒரு சண்டையும்.

பார்க்கிறவருக்கு நாற்காலி தெரியும், துணி தெரியும். நீங்கள் எத்தனை முறை அழித்தீர்கள் என்பது அவருக்கு எதற்கு? இப்போதெல்லாம் கண்காட்சிக்குப் போனால் படத்தைவிடப் பக்கத்தில் ஒட்டிய குறிப்பு நீளமாக இருக்கிறது. அதைப் படித்து முடித்துவிட்டு, படத்தைப் பார்க்காமலே அடுத்ததற்குப் போகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

அழிப்பது புதிதுமில்லை. பிரெஞ்சு ஓவியர் மோனே 1908-இல் கண்காட்சிக்குத் தயாராக இருந்த அல்லிக்குள ஓவியங்களில் குறைந்தது 15-ஐ அவரே நாசம் செய்தார். கண்காட்சியே தள்ளிப்போனது. அதை அவர் தொடர் என்று சொல்லிக் காட்சிக்கு வைக்கவில்லை.

அப்புறம், அடுக்கி வைத்தால் உயிர் போய்விடும் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். இத்தாலிய ஓவியர் மொராண்டி வாழ்நாள் முழுக்க அதே பாட்டில்களையும் குடுவைகளையும்தானே அடுக்கி அடுக்கி வரைந்தார்? எது எங்கே நிற்க வேண்டும் என்று மேசையில் விரித்த தாளில் சுற்றிக் கோடு போட்டு வைத்தவர் அவர். அவர் படம் துணிக்கடை பொம்மையா?

---

கரித்தூள்

அண்ணா, மொராண்டியைக் கொண்டு வந்து அடித்துவிட்டீர்கள். ஒப்புக்கொள்கிறேன், அடுக்குவது குற்றமில்லை. அவர் ஒரு பாட்டிலை விரலளவு நகர்த்த நாள்கணக்கில் யோசிப்பாராம், அதன்மேல் படிந்த தூசியைக்கூடத் துடைக்க மாட்டாராம். நான் ஐந்து நிமிடத்தில் சட்டைக்கையை இழுத்துவிட்டேன். வித்தியாசம் அங்கேதான் என்று நினைக்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரு வடிவத்தைத் துணிமேல் போட்டுவிட்டு, அதையே பார்த்து வரைந்தேன். பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

குறிப்பு ஒட்டுவது பற்றி: ஒட்டப்போவதில்லை. தலைப்புகூட வெறும் எண்தான்.

---

சிறுகோடு

அக்கா, நான் வரைய ஆரம்பித்து ஒரு வருடம்தான் ஆகிறது. அழித்து வரைந்து பார்த்தேன், ஒரே அழுக்காகிவிட்டது. சாம்பல் கூழ் மாதிரி. நீங்கள் சொல்லும் "தடம்" எனக்கு வரவே இல்லை. என்ன கரி, என்ன தாள்?

---

கரித்தூள்

சிறுகோடு, முதல் மூன்று முயற்சி எனக்கும் கூழ்தான். உங்கள் பிரச்சினை அநேகமாகக் கரியில் இருக்கும். கடையில் கரி என்று கேட்டால் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று வில்லோ அல்லது திராட்சைக் கொடிக் குச்சியை அப்படியே கரியாக்கியது. அதில் பசை இல்லை. தாளின் சொரசொரப்பில் சும்மா உட்கார்ந்திருக்கும், துடைத்தால் வந்துவிடும். இன்னொன்று கரித்தூளில் பசை சேர்த்து அழுத்திச் செய்தது. நல்ல கறுப்பு கொடுக்கும், ஆனால் தாளைப் பிடித்துக்கொள்ளும். அதை அழிக்கப் போனால் தேய்ந்து தேய்ந்து கூழாகும். நான் முழுக்க வில்லோதான். அழுத்திய கரியைக் கடைசி நாளில், அதுவும் இரண்டு மூன்று இடத்தில் மட்டும் தொடுவேன்.

விரலால் தேய்க்காதீர்கள். எல்லாரும் செய்வதுதான், எனக்கும் கை போகும். விரலில் இருக்கும் எண்ணெய்ப் பசை தாளில் இறங்கிவிட்டால் அந்த இடத்துக் கரி அப்புறம் கிளம்பாது. ஷாமி தோல் வைத்துக்கொள்ளுங்கள். தேய்க்க வேண்டாம், ஒரு வீச்சில் தட்டிவிடுங்கள். முக்கால்வாசிக் கரி அதிலேயே உதிர்ந்துவிடும், மிச்சம் நிற்பதுதான் அந்தத் தடம். இன்னும் வெளிச்சம் வேண்டும் என்ற இடத்தில் பிசையும் அழிப்பானை நுனியாக உருட்டி, அழுத்தி எடுக்க வேண்டும், ஒற்றி எடுப்பதுபோல. தேய்த்தால் போச்சு. நல்ல வெள்ளைக் கோடு வேண்டும் என்றால் மட்டும் கெட்டியான வினைல் அழிப்பானைக் கத்தியால் சீவி அதன் முனையால் இழுப்பேன்.

தாள் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) பருத்தித் தாள், கோல்ட் பிரஸ், அதாவது லேசான சொரசொரப்பு உள்ளது. நீர்வண்ணத்துக்கு வாங்கி வைத்திருந்தது. மெல்லிய தாள் இரண்டாவது அழிப்பிலேயே நார் எழும்பிவிடும். நார் எழும்பிய இடத்தில் கரி பஞ்சுபோலப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் அங்கே சுத்தமான கோடே வராது. பலகையைக் கொஞ்சம் முன்பக்கம் சாய்த்து வையுங்கள், தூள் தாளில் படியாமல் கீழே விழும். வாயால் ஊதாதீர்கள். எச்சில் பட்டால் புள்ளி விழும், தூளும் மூக்குக்குள் போகும்.

---

செம்புத்தகடு

அச்சு ஓவியக்காரன் பார்வையில் ஒன்று சொல்கிறேன். "எங்கே நிறுத்துவது" என்ற கேள்வி எங்களுக்கு வேறு மாதிரி வரும். நாங்கள் நிறுத்திப் பார்த்துவிட்டு மறுபடி தொடரலாம். தகட்டில் கொஞ்சம் வேலை செய்து ஒரு பிரதி எடுப்போம். அது ஒரு நிலை. மறுபடி தகட்டைச் சுரண்டி, மழித்து, கோடு சேர்த்து இன்னொரு பிரதி. அது அடுத்த நிலை. தகடு ஒன்று, நிலைகள் பல.

டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1653-இல் மூன்று சிலுவைகள் படத்தைச் செம்புத்தகட்டில் நேரடியாக ஊசியால் கீறினார். மூன்றாவது நிலையில் கையெழுத்தும் தேதியும் போட்டார். நம்மைப் பொறுத்தவரை முடிந்த படம். ஆனால் பிறகு அதே தகட்டை எடுத்து நான்காவது நிலையில் கிட்டத்தட்ட இன்னொரு படமாக்கிவிட்டார். கூட்டத்தில் பாதி காணாமல் போனது, செங்குத்துக் கோடுகளால் இருட்டை இறக்கினார், குதிரைமேல் ஒரு புதிய ஆள் வந்து நிற்கிறான். கையெழுத்துப் போட்ட பிறகும் முடியவில்லை என்றால் கையெழுத்துக்கு என்ன அர்த்தம்?

பிக்காசோ 1945 டிசம்பரிலிருந்து 1946 ஜனவரிவரை ஒரே அச்சுக்கல்லில் ஒரு காளையை 11 நிலைகளாக அச்செடுத்தார். தசையும் ரோமமுமாக இருந்த காளை கடைசியில் சில கோடுகளாக மெலிந்துபோகிறது. கடைசிக் காளையை மட்டும் பார்த்தால் குழந்தை வரைந்தது என்பார்கள். பதினொன்றையும் சேர்த்துப் பார்த்தால் அந்தக் கோட்டுக்கு எவ்வளவு கனம் என்று தெரியும். பழைய தூரிகை அண்ணன் "பார்ப்பவருக்கு எதற்கு" என்கிறார். அவருக்குப் பதில் அந்தக் காளைதான்.

உங்களிடம் ஐந்தாவது தாளிலிருந்து கடைசி நிலை மட்டும்தான் இருக்கிறது. எனக்கென்னவோ வயிறு எரிகிறது.

---

ஒளிமானி

எனக்கும்தான். நிறுத்தாமல் தினமும் படம் எடுத்திருந்தால் இந்நேரம் ஒரு நல்ல அசைவோவியம் கையில் இருக்கும். தென்னாப்பிரிக்க ஓவியர் வில்லியம் கென்ட்ரிட்ஜ் 1989-இலிருந்து இதைத்தானே செய்கிறார்? ஒரே தாளில் கரியால் வரைவார், போய் கேமராவில் ஓரிரு பிரேம் எடுப்பார், திரும்பி வந்து கொஞ்சம் அழித்து மாற்றுவார், மறுபடி கேமராவுக்கு நடப்பார். அழித்த தடம் அப்படியே திரையில் தெரியும். அவர் படங்களின் அழகே அந்தத் தடம்தான்.

தயவுசெய்து ஒரு முக்காலி வாங்கி கேமராவை ஒரே இடத்தில் நிறுத்துங்கள். வெளிச்சத்தை நிலையாக வையுங்கள். கேமராவின் வெள்ளைச் சமநிலையை (வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) தானியங்கியில் விடாதீர்கள், ஒவ்வொரு நாளும் தாள் ஒவ்வொரு நிறத்தில் வரும். மிச்சம் உள்ள தாள்களையாவது காப்பாற்றலாம்.

---

கரித்தூள்

வயிற்றெரிச்சல் எனக்கும் உண்டு. ஆறாவது தாளில் ஒரு நிலை இருந்தது. குவியல் ஏறக்குறைய காலி, நாற்காலி முதுகில் ஒரே ஒரு கறுப்புச் சட்டை, சுற்றிலும் முந்தைய ஒன்பது நாள் துணிகளின் தடம். ஒரு கூட்டமே எழுந்து போன மாதிரி. மறுநாள் மேலே ஒரு போர்வை வந்து விழுந்தது. துடைத்தேன். இன்றைக்கும் நினைத்தால் கை நடுங்குகிறது.

ஆனால் ஒளிமானி, கென்ட்ரிட்ஜுக்கு கேமரா வேலையின் பாதி. தாளுக்கும் கேமராவுக்கும் நடுவில் நடக்கும் நடையில்தான் அடுத்தது என்ன என்று அவருக்குத் தோன்றுகிறதாம். எனக்கு கேமரா காப்பீடு மாதிரி. காப்பீடு போட்ட பொருளை நான் கவனமாகப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் கதை. இது எல்லாருக்கும் பொருந்தும் என்று சொல்லவில்லை. என் கைக்கு இருக்கிற கோளாறு.

அமெரிக்க ஓவியர் ராஷென்பெர்க் 1953-இல் மூத்த ஓவியர் டி கூனிங்கிடம் ஒரு கோட்டோவியத்தைக் கேட்டு வாங்கி அழித்த கதை தெரியும்தானே? டி கூனிங் வேண்டுமென்றே அழிக்கக் கஷ்டமான ஒன்றைத்தான் தேடிக் கொடுத்தார். பல அழிப்பான்கள் தேய்ந்தன. என்னை அந்தக் கதையில் இழுப்பது அழித்தவர் அல்ல, கொடுத்தவர். தன்னிடமிருந்து போனால் மனசு வலிக்கும் படமாகப் பார்த்துக் கொடுத்திருக்கிறார். அந்த வலி இல்லாமல் அழித்தால் அது வெறும் துடைத்தல் இல்லையா?

---

மழைத்தாள்

படிக்க மட்டும் வருகிறவன். "ஒரு கூட்டமே எழுந்து போன மாதிரி" என்ற இடத்தில் அந்தப் படத்தை நான் பார்த்துவிட்டேன். அவ்வளவுதான்.

---

பழைய தூரிகை

காளையைக் காட்டி என்னை முட்டவிட்டதற்கு நன்றி, செம்புத்தகடு. பாதி ஒப்புக்கொள்கிறேன். மீதி பாதி: அந்தப் பதினொன்றும் பார்ப்பவர் கண்ணுக்கு எதிரே அச்சாக இருக்கின்றன. சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நான் எதிர்ப்பது சொல்லித் தெரிய வைப்பதை.

கரித்தூள், உங்கள் தடம் தாளிலேயே தெரிகிறது என்றால் எனக்குச் சண்டையே இல்லை. எண்ணெய் வண்ணத்தில் எங்களுக்கு அது தானாக நடக்கும். வருடம் போகப்போக மேல்பூச்சின் மறைக்கும் சக்தி குறைந்து அடியில் மூடியது மேலே எட்டிப்பார்க்கும். பென்டிமென்டோ என்பார்கள். சிகாகோவில் இருக்கும் பிக்காசோவின் கிழ கிட்டார்க்காரர் படத்தில் (1903–04) அவர் கழுத்துப் பக்கம் ஒரு பெண்ணின் முகம் மங்கலாகத் தெரியும். எக்ஸ்ரே எடுத்தபோது அடியில் வேறொரு படமே இருந்தது. அப்போது பிக்காசோ கையில் காசில்லாத காலம், பழைய பலகையிலேயே மேலே வரைந்திருக்கிறார். உங்கள் சோம்பலுக்கு அது அண்ணன்.

இப்போது உங்கள் கேள்விக்கு. சுவிஸ் ஓவியர், சிற்பி ஜியாகோமெட்டி 1964-இல் ஓர் அமெரிக்க எழுத்தாளரை உட்காரவைத்து முகம் வரைந்தார். ஒரே பகலில் முடியும் என்று ஆரம்பித்தது 18 அமர்வுக்கு இழுத்தது. ஒவ்வொரு நாளும் முகத்தை வரைவார், அழிப்பார், முடியவே முடியாது என்று புலம்புவார். உட்கார்ந்தவர் ஊருக்குப் போகும் பயணத்தைத் தள்ளித் தள்ளிப்போட்டு, இனிமேல் தள்ள முடியாது என்ற நாள் வந்தது. படம் அங்கே நின்றது. ஓவியர் நிறுத்தவில்லை, பயணச்சீட்டு நிறுத்தியது.

நானும் அப்படித்தான். கண்காட்சிக்கு வண்டி வந்து வாசலில் நிற்கும்வரை தொட்டுக்கொண்டிருப்பேன். ஈரத்தோடு அனுப்பி ஓரம் ஒட்டிக்கொண்ட படம்கூட உண்டு. உங்களுக்கு ஒரு பயணச்சீட்டு தேவை.

---

சிறுகோடு

அக்கா, கரியை மாற்றிப் பார்த்தேன். வந்துவிட்டது! என் செருப்பு ஸ்டாண்டை வரைகிறேன். இன்னொரு சந்தேகம், முடிந்த தாளை எப்படிப் பாதுகாப்பது? கரி உதிராமலிருக்க ஃபிக்ஸேட்டிவ் திரவம் அடித்தால் கறுப்பாகிவிடுகிறது.

---

கரித்தூள்

செருப்பு ஸ்டாண்ட் அருமையான தேர்வு, அதுவும் தினம் மாறும்.

ஃபிக்ஸேட்டிவ் கொஞ்சம் இருளத்தான் செய்யும், மெல்லிய சாம்பல்தான் முதலில் அடிபடும். நமக்கு வேண்டியதே அந்தச் சாம்பல். தாளைப் படுக்கவைத்துக் கிட்டே அடிக்காதீர்கள். நிமிர்த்தி வைத்து, நன்றாக எட்டி நின்று, மூடுபனி மாதிரி ஒரு தடவை, காயவிட்டு இன்னொரு தடவை. ஜன்னல் திறந்திருக்கட்டும். அடித்த பிறகு தடத்தை அழிக்க முடியாது என்பதால் நடுவில் அடிக்கவே மாட்டேன், கடைசியில் மட்டும்தான்.

சட்டம் போடும்போது மவுண்ட் (கண்ணாடி தாளைத் தொடாமல் இடைவெளி விடும் அட்டை) இல்லாமல் போட விடாதீர்கள். இரண்டாவது தாளைச் சட்டம் போடக் கொடுத்தேன். நான் மவுண்ட் வைக்கச் சொல்லியும் அவர் கண்ணாடியை நேராகத் தாள்மேல் அழுத்திப் பூட்டிவிட்டார். திறந்து பார்த்தால் என் படத்தின் இன்னொரு பிரதி கண்ணாடியின் உள்பக்கம் இருந்தது. செம்புத்தகடு சந்தோஷப்படுவார், ஒரு நிலை கிடைத்தது.

---

செம்புத்தகடு

அந்தக் கண்ணாடியைத் துடைத்துவிட்டீர்களா?!

---

கரித்தூள்

துடைக்கவில்லை. பரணில் இருக்கிறது.

---

கரித்தூள் (மூன்று வாரம் கழித்து)

எட்டாவது தாள் பற்றிச் சொல்ல வந்தேன். பழைய தூரிகை அண்ணன் சொன்னபடி ஒரு தேதி வைத்துப் பார்த்தேன், மாதக் கடைசி. தேதி நெருங்க நெருங்க அழகுபடுத்த ஆரம்பித்துவிட்டேன். விடைபெறுகிறவன் தலைசீவிக்கொள்கிற மாதிரி. தேதியைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தொடர்ந்தேன்.

நாற்காலியின் வலது கைப்பிடியில்தான் எப்போதும் மாற்றம் அதிகம். எல்லாரும் அங்கேதான் துண்டைப் போடுவார்கள், அங்கிருந்துதான் எடுப்பார்கள். அந்த ஓர் இடத்தை மட்டும் இருபது தடவைக்கு மேல் துடைத்திருப்பேன். முதலில் நார் எழும்பியது. அகேட் என்ற வழவழப்பான கல்லால் தேய்த்துப் படியவைத்தேன். இரண்டு நாள் தாங்கியது. நேற்று வினைல் அழிப்பானால் ஒரு கோடு இழுத்தபோது அழிப்பான் உள்ளே போய்விட்டது. சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஓட்டை. உள்ளே பலகையின் மரம் தெரிகிறது.

அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகு கரியை டப்பாவில் போட்டு மூடிவிட்டேன். யோசித்து எடுத்த முடிவு என்றெல்லாம் சொல்லமாட்டேன். அங்கே இனி வரைய முடியாது, அவ்வளவுதான். இன்று காலையில் பார்த்தால் கைப்பிடியில் புதிதாக ஒரு துண்டு தொங்குகிறது. தாளில் அதற்கு இடமில்லை.

ஓட்டையை அப்படியே விடலாமா, அடைக்கலாமா?

---

பழைய தூரிகை

விடுங்கள். அது ஒன்றுதான் அந்தப் படத்தில் நீங்கள் வரையாதது.

---

செம்புத்தகடு

அண்ணன் கவிதையாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார், கிழிசல் பெரிதானால் அவரா வந்து நிற்பார்? பின்பக்கமிருந்து அடையுங்கள். மெல்லிய ஜப்பானியத் தாள், கோதுமை ஸ்டார்ச் பசை. ஒட்டும் தாள்துண்டைக் கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள், ஓரத்தை ஈரப்படுத்திக் கையால் கிழித்து எடுங்கள். நார் நீட்டிக்கொண்டிருந்தால்தான் பிடிக்கும், முன்பக்கம் விளிம்பும் தெரியாது. பசை தண்ணியாக இருக்க வேண்டாம். தாளைக் கவிழ்த்து வைக்கும்போது முன்பக்கம் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு ஃபிக்ஸேட்டிவ் முதலில் அடித்துவிடுவது நல்லது.

---

கரித்தூள்

இரண்டு பேர் சொன்னதையும் செய்தாயிற்று. பின்னால் ஒட்டிவிட்டேன், முன்னால் கரி போடவில்லை. ஜப்பானியத் தாளின் நிறம் என் தாளைவிடக் கொஞ்சம் பழுப்பு. தூரத்திலிருந்து பார்த்தால் கைப்பிடியில் விளக்கு வெளிச்சம் விழுந்த மாதிரி இருக்கிறது. வீட்டில் காட்டினேன், "இங்கே மட்டும் ஏன் வரையாமல் விட்டாய்" என்று கேட்டார்கள்.

ஒன்பதாவதுக்குத் தாள் ஈரமாக்கிப் பலகையில் ஒட்டியிருக்கிறேன், காய்ந்துகொண்டிருக்கிறது. சிறுகோடு, செருப்பு ஸ்டாண்ட் என்ன ஆயிற்று?

---

சிறுகோடு

ஏழாவது நாள் அக்கா. ஒரு ஜோடி மட்டும் நகரவே மாட்டேன் என்கிறது. யாருடையது என்று வீட்டில் கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை.